வள்ளி உடன்போனவள்: கொங்கு நாட்டுக் கும்மித் திடலில் ஓர் உறுதிமொழி

கொங்கு நாட்டில் நோம்பி சாட்டினால், அதாவது கோயில் திருவிழா அறிவித்தால், இப்போது பல ஊர்களில் அடுத்த பேச்சு வள்ளி கும்மிதான். வள்ளி முருகனைக் கல்யாணம் செய்த கதையைப் பாடி ஆடும் கும்மி அது. எந்த ஆசிரியரைக் கூப்பிடுவது, எத்தனை பேர் ஆடுவது, எந்த நிறத்தில் சேலை எடுப்பது என்று பேசி முடிவாகிறது. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள், தறி ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று எல்லா வயதிலும் பொழுதோட கோயில் திடலுக்கு வந்து வாரக்கணக்கில் பழகுகிறார்கள். அரங்கேற்றத்தன்று ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து சேர்ந்துவிடும். ஒரே நிறச் சேலை, காலில் சலங்கை. நூறு பேர் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்ந்து கை தட்டி மிதிக்கும்போது நிலம் அதிர்வது வேலிக்கு வெளியே நிற்பவர் காலுக்கும் தெரியும்.

இப்படியொரு மேடையில்தான் அண்மை ஆண்டுகளில் அந்தச் சம்பவம் நடந்தது. மேடையில் பேசியவர், ஆட வந்திருந்த பெண்களிடம், சொந்தச் சாதிப் பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று உறுதி வாங்கினார். அந்தக் காணொளி பரவியது. கண்டனம் எழுந்தது, "இதில் என்ன தப்பு" என்ற ஆதரவும் எழுந்தது. சில நாளில் பேச்சு அடங்கிவிட்டது.

அடங்கியிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அந்தப் பெண்கள் பழகி வந்து ஆடியது, தன் கூட்டத்தாருக்குத் தெரியாமல் ஒருவனை விரும்பி, ஊர் உறங்கும் நேரத்தில் அவனோடு புறப்பட்டுப் போன ஒருத்தியின் கதை. ஆட்டம் அதைச் சொல்கிறது. மைக் அதற்கு நேர் எதிரானதைச் சொல்லச் சொல்கிறது. ஒரே திடலில், ஒரே இரவில், ஒரே ஆட்களின் வாயால் இரண்டும் எப்படி நடக்க முடிந்தது? கலையின் ஆற்றல் எங்கே இருக்கிறது, அது யார் கைக்கு எப்படிப் போகிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான நிகழ்வு என் கண்ணில் படவில்லை.

கதையில் என்ன இருக்கிறது

வள்ளி தமிழில் மிகப் பழையவள். நற்றிணை 82ஆம் பாடலில் அம்மூவனாரின் தலைவன் தன் காதலியை "முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல" என்று பார்த்து, அந்த அழகைக் காணக் கண் கூசுகிறது என்கிறான். பரிபாடலின் 9ஆம் பாடல் இன்னும் துணிச்சலானது. குன்றம்பூதனார் அதில் நான்மறை வல்ல புலவர்களைக் கூப்பிட்டு, கேளுங்கள் என்று சொல்லி, "காதற் காமம் காமத்துச் சிறந்தது" என்று வாதாடுகிறார். பெற்றோர் கொடுத்துக் கொண்ட கற்பு மணத்தைவிட இருவர் மனம் ஒத்துக் கூடும் களவு மணமே உயர்ந்தது என்பது அந்தப் பாட்டின் வழக்கு. அதற்கு அவர் காட்டும் சாட்சி முருகனும் வள்ளியும்.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடுதான் முடிகிறது. சூரனை வென்ற கடவுளின் நெடுங்கதையைத் தினைப்புனத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் கவி. கொங்கு நாட்டுக் கும்மியும் இந்தக் கதையைத்தான் வரிசையாகப் பாடுகிறது: வேடர் தலைவன் நம்பிக்குக் கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை, பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி ஓட்டும் பெண், நாரதர் சொல்லி வந்து நிற்கும் வேடன், அவன் வேங்கை மரமாவது, கிழவனாவது, தேனும் தினைமாவும் வாங்கித் தின்பது, அண்ணன் விநாயகர் யானையாக வந்து அவளைத் தம்பியின் கைக்குத் துரத்திவிடுவது. கூட்டம் சிரிக்கும் இடங்கள், கிழவிகள் கூடவே முணுமுணுக்கும் இடங்கள் எல்லாம் இதற்குள் உண்டு.

ஆனால் புராணத்தில் யானைக்குப் பிறகும் கதை நடக்கிறது. தோழி இரவில் வள்ளியைக் கூட்டிவந்து முருகனிடம் ஒப்படைக்கிறாள். விடிந்ததும் மகளைக் காணாமல் தாய் தேடுகிறாள். நம்பி சினந்து, வேடர் கூட்டத்தோடு ஆயுதம் எடுத்துத் துரத்துகிறான். சோலையில் இருவரையும் கண்டு அம்பு தொடுக்கிறார்கள். சேவல் கூவுகிறது, துரத்தி வந்த அத்தனை பேரும் செத்து விழுகிறார்கள். தகப்பனும் உடன்பிறந்தாரும் கிடக்கும் கோலம் கண்டு வள்ளி அழுகிறாள். அப்புறம் நாரதர் வந்து, பெற்றவரையும் சுற்றத்தையும் இப்படிப் போட்டுவிட்டு அவளைக் கொண்டுபோவது சரியா என்று கேட்க, முருகன் அவர்களை எழுப்பும் வேலையை வள்ளியிடமே கொடுக்கிறான். அவள் எழுக என்கிறாள், எழுகிறார்கள். எல்லோருமாக ஊருக்குத் திரும்பித்தான் கல்யாணம்.

மகள் தேடிக்கொண்டவனைக் கொல்ல ஆயுதத்தோடு ஓடும் தகப்பனைத் தமிழ்ப் பக்திக் காப்பியம் ஒன்று மறைக்காமல் காட்டியிருக்கிறது. துரத்தியவர்களை மன்னிக்கும் அதிகாரத்தையும் உயிர் தரும் அதிகாரத்தையும் அந்த மகளின் கையிலேயே வைத்திருக்கிறது. இதைக் கொங்கு நாட்டில் படிக்கும்போது வேறெங்கும் படிப்பது போல இருப்பதில்லை.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் தன்னோடு படித்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். அவர் தலித், அந்தப் பெண் கவுண்டர் வீட்டுப் பெண். பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது; அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறி அவரைக் கல்யாணம் செய்திருந்த கௌசல்யா வெட்டுக் காயங்களோடு பிழைத்தார்.

திருச்செங்கோட்டு மலையில் அர்த்தநாரீசுவரர் மட்டும் இல்லை, செங்கோட்டு வேலவரும் இருக்கிறார். செங்கோடனைக் கண்டு தொழ நான்முகன் எனக்கு நாலாயிரம் கண் படைக்கவில்லையே என்று அருணகிரிநாதர் ஏங்கிய அதே வேலவர், வள்ளியின் கணவர். அந்தச் சன்னிதி இருக்கும் மலையில் நடந்தது அந்தக் கடத்தல்.

மிதியும் கைத்தட்டும்

பாட்டின் பொருள் இவ்வளவு தெளிவாக இருக்க, உறுதிமொழி எப்படி நுழைந்தது? பெண்களுக்குக் கதை புரியவில்லை என்று சொல்வது தவறு, மரியாதைக் குறைவும்கூட. ஒவ்வொரு அடியும் அவர்களுக்கு மனப்பாடம். விடை வேறிடத்தில் இருக்கிறது. அது உடம்பில் இருக்கிறது.

கும்மி முதலில் வேலை செய்வது மூச்சின் மேலும் காலின் மேலும்தான். ஆசிரியர் ஓரடி பாடுகிறார், கூட்டம் அதற்கேற்பத் திரும்புகிறது, தட்டுகிறது, மிதிக்கிறது. அரை மணி நேரத்தில் தனித்தனி மூச்சு ஒரே மூச்சாகிவிடுகிறது. வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, டெக்சாஸ் முகாமில் மணிக்கணக்கில் கால்சேர்த்து நடக்க வைக்கப்பட்டார். அதில் எந்தப் போர்ப் பயனும் இல்லை என்று தெரிந்தும், உடம்பு விரிந்தது போன்ற ஒரு மகிழ்ச்சி வந்ததை அவர் மறக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1995இல், மனிதக் கூட்டங்கள் ஆட்டத்தாலும் அணிநடையாலும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு முழு ஆய்வே எழுதினார். சேர்ந்து அசைகிற உடம்புகள் ஒன்றையொன்று நம்பத் தொடங்குகின்றன. எதற்காக அசைந்தோம் என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது என்பது அவர் கண்டது.

ஆட வரும் பெண்களிடம் பேசினால் முதலில் அவர்கள் சொல்வது முருகனைப் பற்றியோ சாதியைப் பற்றியோ இருக்காது. மூட்டு வலி குறைந்தது, தூக்கம் வருகிறது, வீட்டு வெசனம் அந்த ரெண்டு மணி நேரம் நினைவுக்கு வருவதில்லை என்பார்கள். வாக்கப்பட்டு வந்த ஊரில் மாவிளக்கு எடுக்கவும் பொங்கல் வைக்கவும் கோயிலுக்கு வந்திருக்கிறோமே தவிர, கோயில் திடலின் நடுவில் நின்று ஊர் பார்க்க ஆடினதில்லை என்பார்கள். பக்கத்து வீதிக்காரியின் பெயரே கும்மிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்னவர்களும் உண்டு. மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆட்டம் முன்பு பெரும்பாலும் ஆண்கள் ஆடியது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் எம். பத்திரப்பனுக்கு 2024இல், அவரது 87ஆம் வயதில், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அரசு அறிவிப்பு அவரைப் பற்றிச் சொன்னதில் முக்கியமானது, ஆண்கள் கையில் இருந்த மரபை மாற்றிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது. இன்று திடல் திடலாகப் பெண்கள் நிற்பதற்குப் பின்னால் அவரைப் போன்ற ஆசிரியர்களின் அந்த முடிவு இருக்கிறது. அதுவே ஓர் அரசியல் செயல்தான். எந்தக் கட்சியும் அதைச் செய்யவில்லை.

உறுதிமொழி வந்து உட்கார்ந்தது இந்த மகிழ்ச்சியின் மேல்தான். மூன்று மணி நேரம் ஒருவர் பாடப் பாட அதற்கு அசைந்து பழகிய உடம்பு, அதே மைக்கில் அடுத்து வருகிற குரலுக்கும் அதே போல இசைந்துவிடும். அந்த நேரத்தில் ஒருத்தி வரிசையை விட்டு விலகி "நான் சொல்ல மாட்டேன்" என்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். எதிரில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மேலே கேமரா சுற்றுகிறது.

வெள்ளைக் கொக்கு

வள்ளியின் கதையை அரசியலுக்கு எடுத்தது இது முதல் முறையும் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் நாடகத்தை ஊர் ஊராக நடித்தவர்களில் ஒருவர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி வரும்போது அவர் பாடிய பாட்டு "கொக்கு பறக்குதடி பாப்பா". பயிரைத் தின்ன வந்த வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், வாசலில் நின்ற போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது.

விஸ்வநாததாஸ் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அதனாலேயே அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று மறுத்த நடிகைகள் உண்டு. வள்ளியைத் தேடி வரும் முருகனாக மேடை ஏறியவருக்கு வள்ளி கிடைக்காமல் போனதும் சாதியால்தான்.

அவர் செய்ததற்கும் உறுதிமொழி வாங்கியவர் செய்ததற்கும் என்ன வேறுபாடு? இரண்டும் கலைக்குள் அரசியலைக் கொண்டுவந்தவை. கலையில் அரசியல் கூடாது என்ற வாதத்தை வைத்தால் விஸ்வநாததாஸையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். எனக்குத் தெரியும் வேறுபாடு இது: விஸ்வநாததாஸின் கொக்கு கதைக்குள்ளிருந்து பறந்தது. பயிர் காப்பவள் பறவை ஓட்டுகிறாள். அந்தச் செயலையே அவர் நாட்டுக்கு விரித்தார். பார்த்தவர் தானே பொருள் கண்டுபிடித்தார். உறுதிமொழியோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கதையை ஓரமாக வைத்துவிட்டு, அது எழுப்பிய உணர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டது. கேட்டவருக்கு அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. திருப்பிச் சொல்ல மட்டும்தான் இடம் இருந்தது.

எண்ணிக்கை காட்டும் மேடை

கொங்கு வெள்ளாளக் கவுண்டர்கள் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அதிலிருந்து வட்டார அரசியலில் எண்ணிக்கை என்பது பெரிய சொல். மாநாட்டுக்கு எத்தனை பேர், எந்தத் தொகுதியில் எத்தனை வீடு என்பதெல்லாம் பேரத்துக்கு உரியவை. அந்தக் கணக்குக்கு வள்ளி கும்மி மிகவும் உகந்த கலையாகிவிட்டது. ஆயிரம் பெண்கள் ஒரே சேலையில் ஒரே அடி வைப்பதை மேலிருந்து படம் பிடித்தால், பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசிச் சொல்ல முடியாததை அது ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. கட்சி மாநாடுகளில் கும்மி இடம்பெறுகிறது. தலைவர்கள் கட்சி வேறுபாடு இல்லாமல் வந்து நாலு அடி ஆடிவிட்டுப் போகிறார்கள்.

கூட்டத்தைக் காட்டுவதோடு ஏன் நிற்கவில்லை? கல்யாணத்தைப் பற்றி ஏன் உறுதி கேட்க வேண்டும்? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் இளைஞர் அம்பேத்கர் இதற்கு விடை சொல்லிவிட்டார். சாதியைச் சாதியாக நிறுத்துவது அகமணம், அதாவது உள்ளுக்குள்ளேயே கொண்டு கொடுப்பது. அது போனால் சாதி நிற்காது. ஆகவே எந்தச் சாதிப் பெருமிதமும் கடைசியில் வந்து நிற்கும் இடம் வீட்டுப் பெண்ணின் கல்யாணம். வள்ளி கும்மித் திடலில் அந்தப் பெண்கள் மொத்தமாக, மகிழ்ச்சியாக, கேட்கிற மனநிலையில் நிற்கிறார்கள்.

திடலுக்கு வெளியே நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டின் துடும்பு மேளத்தை, அதன் முழக்கத்தில் சாமி ஆடுவதை, இந்த ஊர் நோம்பிகளில் வளர்ந்த யாரும் மறக்க முடியாது. அதை அடிப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். சாமி எழும்ப அவர்கள் மேளம் வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் கும்மி வரிசையில் நிற்கலாமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஊர்ப் பொதுவாக எல்லோரையும் சேர்த்துப் பழக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; அவர்களை இந்த ஆய்வு மறைக்க விரும்பவில்லை. மற்ற இடங்களில், யாரும் தடுத்ததாகச் சொல்லாமலே, வரிசை ஒரே சாதியாக முடிந்துவிடுகிறது.

சங்கரை இழந்த கௌசல்யா பின்னாளில் எடுத்த கருவி பறை. கற்று, மேடையேறி அடித்தார். அதே கொங்கு மண்ணில், அதே ஆண்டுகளில், ஒரு பெண் தன் துயரத்தை உடம்பின் தாளத்தால்தான் தாங்கினார் என்பதை வள்ளி கும்மியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாளம் யாரையும் பிணைக்கும். எதோடு பிணைக்கிறது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

மேலிருந்து வரும் மாப்பிள்ளை

கதைக்கும் உறுதிமொழிக்கும் முரண் இருக்கிறதே என்று கேட்டால் வரும் பதில், சாமி கதை வேறு, மனுசக் கதை வேறு என்பது. இந்தப் பதிலைத் தள்ளிவிடாமல் பிரித்துப் பார்த்தேன். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

முருகன் மேலிருந்து இறங்கி வருகிறவன். வள்ளி வேடர் வீட்டில் வளர்ந்தவள். மேலானவன் கீழே வந்து பெண் கொள்வதைச் சாதி மனம் பொறுத்துக்கொள்ளும். சாத்திரமும் அதற்கு அனுலோமம் என்று பெயர் வைத்து இடம் கொடுத்தது. புராணம் இன்னும் ஒரு காப்பு போட்டிருக்கிறது: வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள் சுந்தரவல்லி, முனிவர் பார்வையால் மான் ஈன்ற குழந்தை, வேடர் அவளை வளர்த்தவர்கள் மட்டும்தான். குன்றம்பூதனாரின் பாட்டில் இல்லாத இந்தப் பூச்சு, காதலின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிவிட்டது. ஆகவே வள்ளியை ஆடுகிறவர்கள் தங்களை வள்ளியாக நினைத்துக்கொண்டு ஆடலாம். அந்த நினைப்பு யாரையும் அச்சுறுத்தாது, மாப்பிள்ளை கடவுளாக இருக்கும் வரை.

திருச்செங்கோட்டிலும் உடுமலைப்பேட்டையிலும் கொல்லப்பட்டவர்கள் அந்தக் கணக்குப்படி கீழிருந்து வந்த ஆண்கள். உறுதிமொழி காவல் காக்கும் வாசல் அதுதான். நேர்மையாகச் சொன்னால், வள்ளி கதை தானாகவே அந்த வாசலைத் திறந்துவிடும் என்று நம்ப முடியாது. ஆனால் ஒன்று மட்டும் கதையில் எந்தப் பூச்சாலும் மறையவில்லை. நம்பி அம்பு எய்தபோது எதிரில் நிற்பவன் கடவுள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் பார்த்தது, வேறு எங்கிருந்தோ வந்து தன் மகளைக் கொண்டுபோகிற ஓர் அந்நியனை. அந்த அறியாமையோடு எடுத்த ஆயுதத்தைத்தான் கதை தவறு என்று தீர்ப்பளிக்கிறது.

பெண்கள் விரும்பித்தானே சொன்னார்கள், யார் கழுத்தைப் பிடித்தார்கள் என்ற வாதமும் உண்டு. வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாஹினி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருத்தி தன் சாதியில் கல்யாணம் செய்துகொள்வது அவள் உரிமை. ஊரே பார்க்க, வரிசையில் நிறுத்தி, அவள் இன்னும் சந்திக்காத ஒருவனைப் பற்றி முன்கூட்டியே வாக்கு வாங்குவது அந்த உரிமையை அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது. நாளைக்கு அவள் மனம் வேறொன்றைச் சொன்னால், குடும்பத்துக்கு எதிராகப் போனதோடு, சாமி சன்னிதியில் சொன்ன வாக்கை மீறியவளாகவும் ஆகிவிடுவாள். துரத்தி வருகிறவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

அதே ஊரின் நாவல்

திருச்செங்கோடு கலை ஒன்றுக்கு எதிராகத் திரண்டதும் உண்டு. பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட 'மாதொருபாகன்' நாவலை 2014 டிசம்பரில் அந்த ஊரில் எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் அவர் மன்னிப்பு எழுதிக் கொடுக்க நேர்ந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சில் கையெழுத்தானது யாரையும் கட்டுப்படுத்தாது என்றும், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றும் தீர்ப்பளித்தது.

நாலு ஆண்டு அமைதியாக இருந்த நாவல் திடீரென்று ஊரைக் கொதிக்க வைத்ததும், வள்ளி கும்மி ஊரைக் குளிர வைப்பதும் ஒரே நரம்பைத் தொட்டுத்தான். பிள்ளை இல்லாத ஒருத்தி திருவிழா இரவில் யாரோ ஒருவனோடு சேரலாம் என்ற நாவலின் நிலைமையும், ஒருத்தி யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற உறுதிமொழியின் கவலையும், பெண்ணின் வயிற்றில் எந்தச் சாதி வளரும் என்ற ஒரே கேள்விக்குத்தான் வருகின்றன. நாவலைத் தனியாக உட்கார்ந்துதான் படிக்க முடியும். படிக்கிறவருக்கு என்ன தோன்றும் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள முடியாது. கும்மியைக் கூட்டமாகத்தான் ஆட முடியும். பார்த்துக்கொள்ளலாம், படம் எடுக்கலாம், முடிவில் வாக்கும் வாங்கலாம். ஒன்று எரிந்ததற்கும் மற்றொன்று வளர்ந்ததற்கும் இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆசிரியர் கையில் இருப்பது

இதையெல்லாம் பார்த்துவிட்டு, வள்ளி கும்மியே சாதிக் கலை, விட்டுத் தொலைக்கலாம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சினம் நியாயமானது; முடிவு எனக்கு ஒப்பாது. திடலுக்கு வந்த பெண்களைத் திரும்ப வீட்டுக்குள் அனுப்பும் முடிவு அது. கதையையும் அதைத் திரித்தவர்களிடமே விட்டுவிட்டு வருவதாகும்.

இந்தக் கலையின் அமைப்பில் எல்லாம் வந்து சேரும் இடம் ஆசிரியர். பாட்டு அவர் வாயில், மைக் அவர் கையில். எந்தக் காட்சியை நீட்டுவது, எதைச் சுருக்குவது, வரிசையில் யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் தீர்மானம். கதைக்கு நடுவே சமூகச் சேதி பாடுவது இந்தக் கலைக்குப் புதிதும் இல்லை. பத்திரப்பன் பெண்கள் முன்னேற்றத்தைத் தன் ஆட்டத்தில் பாடியவர். ஆகவே நம்பி துரத்தும் படலத்தையும் வள்ளி எழுக என்று சொல்லும் இடத்தையும் விடாமல் முழுதாகப் பாடுங்கள் என்று கேட்பது மரபை உடைக்கச் சொல்வதாகாது. மரபில் இருப்பதைப் பாடச் சொல்வதுதான். அந்தக் காட்சியை மூச்சு வாங்க ஆடி முடித்த பெண்களிடம் போய் எவரும் உறுதி கேட்பது அவ்வளவு எளிதாக இருக்காது.

கோயில் திடலில் நடக்கும் அரங்கேற்றத்துக்கு ஊரிலிருந்து வரி பிரிக்கிறார்கள், நன்கொடை வாங்குகிறார்கள். துண்டறிக்கை அச்சாகும் முன்பே ஆசிரியரும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது. சேலை நிறத்தோடு சேர்த்து இன்னும் இரண்டையும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்: வரிசையில் நிற்க எந்தத் தெருப் பெண்ணுக்கும் தடை இல்லை என்பது ஒன்று; ஆட்டம் முடியும் வரை மைக் பாடுகிறவரைத் தவிர வேறு யார் கைக்கும் போகாது என்பது இன்னொன்று.